சுகருக்குப் பட்டை: எந்தப் பட்டை, எவ்வளவு, எப்படி

“பட்டைத் தண்ணி குடிச்சா சுகர் இறங்குமா, நர்சம்மா?” குன்னூர் தாலுகாவில் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் பேருந்தில், ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டில் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கும் சுகர் இருக்கிறது. காலையும் மாலையும் மெட்ஃபார்மின் போடுகிறேன், பட்டையும் சேர்த்துக்கொள்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் முழுதாக எழுதி வைக்கிறேன்.

கொஞ்சம் இறங்கலாம். எல்லோருக்கும் இறங்கும் என்று சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்ற அளவுக்கு இறங்கும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். ஆனால் நம் மலைவாசிகளுக்குப் பட்டையால் கட்டாயம் கிடைக்கக்கூடிய லாபம் ஒன்று இருக்கிறது. அது டீ டம்ளரில் இருக்கிறது.

தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா ஒரு நாளைக்குக் குடிக்கும் டீயை எண்ணிப் பாருங்கள். எழுந்ததும் ஒன்று, வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, கொழுந்து எடை போட்டு வீடு திரும்பியதும் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம் என்று வைத்தால் தினம் 50 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. நோய் இல்லாதவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. “சோறுகூட கம்மியாத்தான் சாப்பிடறேன், சுகர் மட்டும் ஏன் ஏறுது?” என்று அழுதவர்களிடமெல்லாம் நான் முதலில் டீயைப் பற்றித்தான் கேட்டேன். குளிரில் டீயை நிறுத்து என்று சொல்வது நடக்காத காரியம். டீ இருக்கட்டும், அதிலுள்ள சர்க்கரையை எடுப்போம். அதற்குப் பட்டை மாதிரி உதவுகிற சாமான் வேறு எதுவும் எனக்குத் தென்படவில்லை. இனிப்பே இல்லாமல் இனிப்பாக இருப்பதுபோல நாக்கை நம்ப வைக்கும் வாசனை அதற்கு உண்டு.

முதலில் சரியான பட்டையை வாங்குங்கள்

மளிகைக் கடையில் பிரியாணிக்கு என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் சீனப்பட்டை, அதாவது காசியா. தடிமனாக, ஓடு போல ஒரே அடுக்காக, கருஞ்சிவப்பில் இருக்கும். கையால் ஒடித்தால் லேசில் ஒடியாது. இன்னொன்று இலங்கைப் பட்டை. எங்கள் வீட்டில் அதற்குக் கறுவா என்று பெயர். 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கண்டிப் பக்கத்திலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அம்மா கடைசிவரைக்கும் வேறு பட்டையை அடுப்பங்கரையில் சேர்த்ததே இல்லை. இது காகிதம் போல மெல்லியது. பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டு மாதிரி இருக்கும். வெளிர்பழுப்பு நிறம். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். வாசனையில் காரம் குறைவு, இனிப்பு அதிகம்.

எதற்கு இவ்வளவு பாகுபாடு என்றால், சீனப்பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் மாதக்கணக்கில் உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். மெல்லிய பட்டையில் அது மிகமிகக் குறைவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் வரை தினம் தாங்கும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. அப்படியென்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். சராசரி சீனப்பட்டைத் தூள் 2 கிராம் சாப்பிட்டாலே இந்த எல்லை வந்துவிடும், அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. எப்போதாவது குழம்பில் ஒரு துண்டு போடுவதால் ஒன்றும் ஆகாது. மருந்து என்று நினைத்து தினமும் குடிக்கும்போதுதான் எந்தப் பட்டை என்பது முக்கியமாகிறது.

தூளாக வாங்காதீர்கள். தூளில் எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே வீட்டில் தூள் இருந்தால் ஒரு ஸ்பூனை வெந்நீரில் போட்டுச் சற்று நேரம் வையுங்கள். கொழகொழவென்று ஆனால் அநேகமாகச் சீனப்பட்டைதான். பழைய சோதனை இன்னொன்றும் உண்டு. ஆறிய கஷாயத்தில் டிஞ்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டால் சீனப்பட்டை கருநீலமாக மாறும், மெல்லிய பட்டையில் பெரிய மாற்றம் தெரியாது. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது.

மெல்லிய பட்டை நம் மலையிலேயே விளைகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியாறு இருக்கிறதே, அங்கே 1871இல் தொடங்கிய அரசு தோட்டக்கலைப் பண்ணையில் கிராம்பு, ஜாதிக்காய், மங்குஸ்தானோடு பட்டை மரமும் உண்டு. சுற்றியுள்ள சரிவுகளில் சின்னத் தோட்டக்காரர்களும் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெரியவர் பட்டை உரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மரத்தை அடியோடு வெட்டிவிட்டு, கட்டையிலிருந்து துளிர்க்கும் கொம்புகளை இரண்டு மூன்று வருஷம் வளர விடுகிறார்கள். மழைக்குப் பின் சிவந்த தளிர் பச்சைக்குத் திரும்பும் சமயம் பட்டை கட்டையிலிருந்து லேசாகக் கழலும். அப்போது கொம்பை வெட்டி, மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைக் கம்பியால் நீள நெடுகத் தேய்க்கிறார். பிறகு கத்தி நுனியால் இருபக்கமும் கீறி, நுனியை உள்ளே விட்டு நெம்பினால் உள்பட்டை முழுசாகப் பிரிந்து வருகிறது. ஈரமாக, பால்வெள்ளையாக இருந்தது கொஞ்ச நேரத்தில் பழுப்பேறிச் சுருளத் தொடங்கிவிட்டது. துண்டு துக்காணியையெல்லாம் பெரிய சுருளுக்குள் திணித்து நிழலில் காய வைத்தார். அந்த உழைப்பைப் பார்த்தால் மெல்லிய பட்டை ஏன் பல மடங்கு விலை என்று புரியும். தினமும் ஒரு சிறு துண்டுதானே வேண்டும், நூறு கிராம் வாங்கினால் இரண்டு மாதத்துக்கு மேல் வரும்.

சுற்றுலாக் கடைகளில் தைலப் புட்டிக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே அடுக்கியிருக்கும் ‘மலைப்பட்டை’ப் பொட்டலத்தைப் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம், பிரித்துப் பார்த்து வாங்குங்கள். சோலைக்காட்டில் பட்டை மரத்தின் காட்டு இனங்களும் இருக்கின்றன. அவற்றில் போய்க் கீறி எடுப்பதும், எடுத்தவர்களிடம் வாங்குவதும் வேண்டவே வேண்டாம். வளையமாக உரித்தால் அந்த மரம் செத்துப்போகும், வனச் சட்டப்படியும் குற்றம். அதன் தன்மையும் நமக்குத் தெரிந்த பட்டையின் தன்மை அல்ல.

பட்டை டீ போடும் முறை

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம் போதும். சமையலறைத் தராசு இருந்தால் ஒரு தடவை எடை போட்டு, அந்தத் துண்டு எவ்வளவு பெரிது என்று கண்ணில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு விரல்கணு நீளம் வரும். தூளாக்கினால் அரை டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்காதீர்கள்.

துண்டைக் கையால் நொறுக்கி, மூன்று டம்ளர் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். மூடி அவசியம், இல்லாவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். சமவெளியில் இருப்பவர்களுக்கு ஐந்தாறு நிமிஷம் போதும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுவதால் சாறு இறங்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடலாம், இரண்டு ஏலக்காயும் போடலாம். இந்தத் தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொண்டால் அன்றைக்கு முழுவதும் அதில்தான் டீ. பிளேன் டீ என்றால் சுடவைத்து டீத்தூளைப் போட்டு உடனே இறக்கி வடிகட்டிவிடுங்கள். நம்மூர் டஸ்ட் டீயைக் கொதிக்க விட்டால் கசப்பு ஏறும், கசப்பு ஏறினால் கை சர்க்கரை டப்பாவுக்குத்தான் போகும். பால் டீ குடிப்பவர்கள் பாலைக் குறைவாகச் சேர்த்தால் பட்டை வாசனை நன்றாகத் தெரியும்.

சர்க்கரையை ஒரே நாளில் விட்டுவிடச் சொன்னால் இரண்டாம் நாளே பழைய டீக்குத் திரும்பிவிடுவார்கள். நான் சொல்லிக்கொடுத்தது படிப்படியாகக் குறைப்பது. முதல் வாரம் பட்டைத் தண்ணீரில் இரண்டு ஸ்பூனுக்குப் பதில் ஒன்றரை. அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்து அரை. கடைசி அரை ஸ்பூன்தான் கஷ்டம், அதற்கு இன்னொரு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் சர்க்கரை போட்டுக் கலக்கும் வழக்கம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். டம்ளரில் ஊற்றிய பிறகு வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவும் மாற்று கிடையாது, எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். தேனும் அப்படியே. ‘பட்டையும் மலைத்தேனும் கலந்து வெறும் வயிற்றில்’ என்று ஒரு வைத்தியம் எல்லோர் கைபேசியிலும் சுற்றுகிறது. காட்டுத்தேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சுகர்காரருக்கு ஒரு ஸ்பூன் தேன் ஒரு ஸ்பூன் சர்க்கரைதான்.

டீ பிடிக்காதவர்கள் பட்டையை வறுக்காமல் பொடித்து மோரில், ராகிக் கூழில், சாமைக் கஞ்சியில் ஒரு சிட்டிகை தூவிக்கொள்ளலாம். வெறும் தூளை வாயில் போட்டு விழுங்காதீர்கள். மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. பட்டை எண்ணெய் என்று சின்னப் புட்டியில் விற்பதை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது, வாயும் குடலும் வெந்துவிடும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது

பட்டை சுகரைக் குறைக்கும் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது 2003இல் பாகிஸ்தானில் நடந்த ஒரு சோதனைக்குப் பிறகு. 60 நோயாளிகள், 40 நாட்கள், தினம் 1, 3 அல்லது 6 கிராம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லை. 2012இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பினர் 577 பேர் கலந்துகொண்ட 10 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, நீரிழிவுக்குப் பட்டையைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனைகளில் பலவும் சீனப்பட்டையை வைத்து நடந்தவை. நான் மெல்லிய பட்டையைச் சொல்வது அதில் சுகர் கூடுதலாக இறங்கும் என்பதற்காக இல்லை, தினமும் குடித்தாலும் கல்லீரலுக்குப் பயமில்லை என்பதற்காக.

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் நான் தினமும் பட்டை டீ குடிக்கிறேன். பட்டையால் நேரடியாக எவ்வளவு இறங்குகிறதோ இறங்கட்டும், 50 கிராம் சர்க்கரை உள்ளே போகாமல் நின்றதே, அந்த நன்மைக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை.

யாருக்கு வேண்டாம்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். கர்ப்பிணிகள் சமையல் அளவுக்கு மேல் பட்டை எடுக்க வேண்டாம், கர்ப்பகாலச் சுகருக்கும் இதை மருந்தாக நினைக்க வேண்டாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் மது குடிப்பவர்கள் தொடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. அறுவைச் சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாய்ப்புண் வந்தாலோ தோல் அரித்தாலோ நிறுத்திவிடுங்கள். சின்ன வயதிலேயே வந்து இன்சுலின் மட்டுமே போடுகிற முதல் வகை நீரிழிவில் பட்டைக்கு வேலையே இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு இன்சுலின் ஒரு நாள் தவறினாலும் உயிருக்கு ஆபத்து, பட்டைத் தண்ணீரை நம்பி ஊசியைத் தள்ளிப்போடுகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டீயில் சர்க்கரையைக் குறைத்து, பட்டையும் சேர்க்கும்போது சுகர் திடீரென்று தாழ்ந்துபோகலாம். 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், அகோரப் பசி எடுக்கும், பேச்சு குழறும். நம் ஊரில் இதற்கு நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது: பல் கிட்டும் குளிரில் உங்களுக்கு மட்டும் வியர்த்தால் சந்தேகமே வேண்டாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குக் கூப்பிடுங்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் சர்க்கரையை முடிந்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். ரோட்டிலிருந்து தள்ளி, காட்டெருமை நிற்கும் சரிவில் மயங்கி விழுந்தால் ஆள் வந்து சேரவே நேரமாகும்.

அளந்து பார்ப்பது

உடம்பு லேசாக இருக்கிறது என்பதை வைத்து சுகர் இறங்கிவிட்டதாக முடிவு கட்ட முடியாது. 250இல் இருந்தும் எந்தத் தொந்தரவும் தெரியாமல் தோட்ட வேலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டையை ஆரம்பிக்கும் முன் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், காலையில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு சாப்பாடு, மாத்திரை, வேலை எதையும் மாற்றாமல் பட்டை டீயை ஆரம்பித்து அதே நாட்களில் அதே நேரங்களில் அளந்துகொண்டே வாருங்கள். ஒரே சமயத்தில் பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நாவல்கொட்டைப் பொடி எல்லாவற்றையும் ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

குளுக்கோமீட்டருக்கு மலையில் தனிக் கவனிப்பு வேண்டும். பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்கு மேல்தான் சரியாக வேலை செய்யும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே சோதித்தால் பிழை காட்டும், சில சமயம் தப்பான எண்ணும் காட்டும். அரை மணி நேரம் கம்பளிக்குள் உடம்போடு வைத்து, சூடேறிய பிறகு பாருங்கள். விரைத்த விரலில் ரத்தம் வராது, பிழிந்து எடுத்தால் அளவு சரியாக இருக்காது. வெந்நீரில் கை கழுவி, துடைத்து, கையைத் தொங்கவிட்டு உதறிவிட்டுக் குத்துங்கள். கழுவாத விரலில் ஒட்டியிருக்கும் வெல்லமோ பழச்சாறோகூட எண்ணை ஏற்றிக் காட்டும். மழைக்காலத்தில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரத்தில் வீணாகிவிடும், ஒன்றை எடுத்த கையோடு மூடிவிடுங்கள். பட்டைக்கும் இதே கவனிப்புதான். எங்கள் வீட்டில் பனிமூட்ட நாட்களில் சுவரே ஈரம் கசியும். முழுப் பட்டையாகக் காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, வெயில் வரும் நாளில் ஒரு மணி நேரம் காட்டி எடுங்கள். பூஞ்சை வாடை வந்தால் துடைத்துப் பயன்படுத்தாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் ஆனதும் ஹெச்பிஏ1சி சோதனை செய்துகொள்ளுங்கள். கடந்த மூன்று மாதத்துச் சராசரியை அதுதான் காட்டும், பலருக்கு 7 சதவீதத்துக்குள் வைத்திருப்பது இலக்கு. எண் குறைந்திருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாகப் பாதியாக உடைத்துப் போடாதீர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, ஹட்டிக்கும் (படுகர் ஊர்) தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்கும் சுகாதாரப் பணியாளர்கள் வருகிறார்கள். வருகிற தங்கச்சியிடம் பட்டை குடிப்பதை மறைக்க வேண்டாம், திட்டமாட்டார். அந்த நோட்டையும் எடுத்துக் காட்டி, எந்தப் பட்டை, எவ்வளவு, எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள் என்பதைச் சொல்லி, உங்கள் மருத்துவ அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.